ரைடர்–வெய்ட் டாரட்: யாருடைய படைப்பு?

கவிதா:
லண்டன் ரைடர் நிறுவனம் 1909 டிசம்பரில் வெளியிட்ட டாரட் (குறி பார்க்கும் சீட்டு) கட்டையும், அதை வரையவைத்த ஏ. இ. வெய்ட் எழுதி, படங்களோடு 1911-இல் வந்த விளக்க நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறேன். 78 சீட்டையும் வரைந்த பமீலா கோல்மன் ஸ்மித்தின் பெயர் மட்டும் கட்டின் பெயரில் நெடுங்காலம் ஒட்டவே இல்லை. பெரிய அநியாயம். நான்கு வகையிலும் ஒன்று முதல் பத்து வரை வரும் எண் சீட்டுகளாவது முழுக்க அவருடைய கற்பனைதான்.

முரளி:
முழுக்க என்பது அதிகம். த்ரீ ஆஃப் ஸ்வோர்ட்ஸ் என்ற எண் சீட்டில் மூன்று வாள்கள் இதயத்தைத் துளைக்கின்றனவே, அது 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கட்டான சோலா புஸ்காவிலேயே இருக்கிறது. அதன் புகைப்படங்கள் 1907-இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்துவிட்டன. தவிர, பெரிய அர்கானா எனப்படும் 22 தனிச் சீட்டுகளின் வரிசையில் ஸ்ட்ரெங்த்தை 8-க்கும் ஜஸ்டிஸை 11-க்கும் மாற்றியது யார்? திட்டம் வெய்ட்டுடையது.

கவிதா:
முரளி சார், பெரிய அர்கானாவை நான் கேட்கவே இல்லை. ஹை பிரீஸ்டஸ், ஃபூல், ஹேங்டு மேன் மூன்றுக்கும் பமீலாவுக்கு ஊட்டிவிட வேண்டியிருந்தது என்று 1938-இல் வந்த தன்வரலாற்றில் வெய்ட்டே எழுதுகிறார். மூன்றும் பெரிய அர்கானா!

டூ ஆஃப் வாண்ட்ஸ் என்ற எண் சீட்டுக்கு வெய்ட் தன் விளக்க நூலில் எழுதியதைப் படியுங்கள். ஒரு பலன் செல்வம் என்கிறது, இன்னொன்று உடல் வேதனை என்கிறது, இரண்டும் ஒட்டாது என்று சொல்லிவிட்டு, படம் ஒரு குறிப்புத் தருகிறது என்று தன் ஆட்சிப்பரப்பைப் பார்த்து நிற்கும் பிரபுவை விவரிக்கிறார். தானே சொல்லி வரையவைத்த படமென்றால் அதனிடம் போய்க் குறிப்புக் கேட்பாரா?

பாத்திமா:
சோலா புஸ்காவை ஏன் வெய்ட் கணக்கில் எழுதுகிறீர்கள் அண்ணா? பமீலா ஓவியம் படித்தவர், மியூசியத்துக்குத் தானே போயிருக்க மாட்டாரா? லண்டன் லைசியம் நாடகக் குழுவோடு பழகியவர் வேறு. பல சீட்டுகளில் ஆட்களுக்குப் பின்னால் மேடை விளிம்பு மாதிரி குறுக்கே ஒரு கோடு ஓடுகிறது, பாருங்கள். பெரிய வேலை, மிகக் குறைந்த காசு என்று 1909 நவம்பரில் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஸ்டீக்லிட்ஸுக்குக் கடிதம் எழுதினார். அதைப் படித்தால் மனம் கனக்கிறது.

முரளி:
காசு விஷயத்தில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் கூலி குறைவு என்பது கற்பனை யாருடையது என்பதற்குச் சான்றாகாது. கவிதா காட்டியதும் ஒரே ஒரு சீட்டு.

கவிதா:
இன்னொன்று தருகிறேன். சிக்ஸ் ஆஃப் ஸ்வோர்ட்ஸில் நீர் அமைதியாக இருக்கிறது, சுமை குறைவு, படகோட்டியின் பலத்துக்கு மீறிய வேலை இல்லை என்று படத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்கிறார் வெய்ட். இது வரையச் சொன்னவர் பேச்சா, வரைந்ததைப் பார்ப்பவர் பேச்சா?