புதுப்பிப்பு: மட்டக்களப்பு, களுதாவளைத் தோட்டத்துச் சூரியப் பம்பு

மண்ணெண்ணெய்ப் பம்பை விட்டுச் சூரியப் பம்புக்கு மாறிய பிறகு, பின்னேரம் 2 மணிக்கே தண்ணீர் நூலாகிவிடுகிறது என்று பங்குனியில் எழுதியிருந்தேன். மோட்டார்க் கோளாறு என்றுதான் நினைத்தேன். இல்லை, நிழல். பக்கத்துத் தென்னோலையின் நிழல் ஒரு சூரியப் பலகையில் விழுந்தது. பலகைகளைத் தொடராக இணைத்திருப்பதால் ஒன்று மங்கினாலே மொத்த வலுவும் குறைகிறது. பூட்டித் தந்தவர்கள் காலையில் மட்டும் இடம் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சரி, பலகைகளைத் தாங்கும் சட்டத்தைக் கிணற்றின் மறுபக்கம் மாற்றி, தெற்குப் பார்த்து 10 பாகை சரிவில் வைத்தோம். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு கிட்ட இருக்கும் நமக்கு அதுவே போதும். படுக்கையாக வைத்தால் கடற்காற்றின் உப்பும் தூசும் மழையில் கழுவுப்படாது. இப்போது 4 மணி வரை மிளகாய்ப் பாத்திக்கு நல்ல ஓட்டம். பற்றரி வாங்கவில்லை, மேட்டில் தொட்டி கட்டி நிரப்புகிறோம்.

எனக்குள்ள கவலை வேறு. எண்ணெய்ச் செலவு இல்லாததால் நாள் முழுக்க இறைக்க மனம் வருகிறது. நம்முடையது கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் நிலம். அடியில் உவர்நீர், அதன்மேல் மெல்லிய படையாக நல்ல தண்ணீர். அளவு மீறி இறைத்தால் கிணறு உவர்த்துவிடும். தொட்டி நிறைந்ததும் பம்பு தானாக நிற்க மிதவை சுவிட்ச் போட்டிருக்கிறேன். புதிதாகப் பூட்டுகிறவர்கள் இதை முதல் நாளே போட்டுவிடுங்கள்.