மறு: "பிளே-ஆஃப் இறுதி"க்குத் தமிழ்: ஏறுசுற்று?

வணக்கம்.

கால்பந்தில் "பிளே-ஆஃப் இறுதி" என்பதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று கேட்டு இந்த இழையைக் கிளப்பிவிட்டவன் நான், மூன்று நாளாக எல்லோரும் பதில் எழுதிக்கொண்டிருக்க நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். மடல் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கால்பந்து ஸ்கோர் செயலிக்குத் தமிழாக்கம் செய்து கொடுக்கிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா. 2025 மே 24 அன்று லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் இங்கிலாந்துக் கிளப்பான சண்டர்லேண்ட் 2-1 என்று ஷெஃபீல்ட் யுனைடெட்டைத் தோற்கடித்தது. செயலியில் என் தமிழில் போன அறிவிப்பு: "சாம்பியன்ஷிப் பிளே-ஆஃப் இறுதி: சண்டர்லேண்ட் வெற்றி". பத்து நிமிடத்தில் அக்கா மகன் போன் செய்கிறான், "மாமா, அப்ப சண்டர்லேண்ட்தான் சாம்பியனா?"

இல்லை. சாம்பியன் லீட்ஸ், 100 புள்ளி. பர்ன்லியும் அதே 100, கோல் வித்தியாசத்தில் இரண்டாவது. அவர்கள் இருவரும் நேராக உச்சப் பிரிவான பிரீமியர் லீகுக்கு ஏறிவிட்டார்கள். மிச்சமிருந்த ஒரே ஒரு இடத்துக்குத்தான் மூன்று முதல் ஆறு வரை வந்த நான்கு அணிகள் மோதின. 46 ஆட்டம் ஆடி 76 புள்ளியோடு நான்காவதாக வந்த சண்டர்லேண்ட், 90 புள்ளி எடுத்த ஷெஃபீல்டை ஒரே மாலையில் கீழேயே விட்டுவிட்டு மேலே போனது. நியாயமா என்று கேட்காதீர்கள், அது வேறு இழை.

பையன் மேல் தப்பில்லை. இரண்டாம் நிலைப் பிரிவுக்குப் போய் "சாம்பியன்ஷிப்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள் (மூன்றாம் நிலைக்கு "லீக் ஒன்", அதைப் பற்றி ஆரம்பித்தால் விடிந்துவிடும்). போதாக்குறைக்கு, பிளே-ஆஃப் என்ற சொல் நம் காதில் ஐபிஎல் வழியாக விழுந்த சொல். அங்கே பிளே-ஆஃபின் கடைசி ஆட்டத்தில் ஜெயித்தவர் கோப்பைக்காரர். இங்கே ஜெயித்தவர் மூன்றாவதாக மேலே போகிறவர், அவ்வளவுதான். எழுத்துப்பெயர்ப்பு என்றால் குழப்பமே வராது, எல்லோருக்கும் தெரிந்த சொல் என்று வாதாடிய நண்பருக்கு என் பதில் இதுதான்: தெரிந்த சொல் என்பதுதான் சிக்கலே. தெரியாத சொல்லாக இருந்திருந்தால் பையன் அர்த்தம் கேட்டிருப்பான்.

> "பதவி உயர்வுத் தகுதிச் சுற்று இறுதிப் போட்டி" சரியாக வருமே?

ஐயா, மன்னிக்கணும். பதவி உயர்வு என்றதும் எனக்கு அலுவலகக் கோப்பும் துறைத் தேர்வும்தான் ஞாபகம் வருகிறது. தகுதிச் சுற்று என்பது போட்டித் தொடருக்குள் நுழைவதற்கான சுற்று, உலகக் கோப்பைக்கு அப்படித்தான் எழுதுகிறோம், அதை இதற்கும் கொடுத்தால் இரண்டும் கெடும். எல்லாவற்றுக்கும் மேல், கைப்பேசித் திரையில் எனக்குக் கிடைப்பது ஒரு வரி.

> உய்வாட்டம்

அழகு. ஆனால் உய்தல் என்றால் பிழைத்தல் என்று அடிக்குறிப்பு போட வேண்டியிருக்கும். தவிர, தோற்றவர் அழிந்துபோவதில்லை, அடுத்த ஆகஸ்டில் அதே பிரிவில் மறுபடியும் முதல் ஆட்டத்திலிருந்து தொடங்குவார். "வாழ்வா சாவா ஆட்டம்" என்றவருக்கும் அதே பதில், அதோடு நம் விளையாட்டுப் பக்கங்களில் வாரத்துக்கு மூன்று வாழ்வா சாவா வருகிறது. "பணமழை ஆட்டம்" என்று ஒருவர் எழுதியது விளையாட்டுக்கு என்றே எடுத்துக்கொள்கிறேன். அதிலும் விஷயம் இல்லாமல் இல்லை, 2023இல் இதே இறுதியில் லூட்டனும் கவென்ட்ரியும் மோதியபோது டெலாய்ட் என்ற தணிக்கை நிறுவனம் போட்ட கணக்கில் வெல்கிற அணிக்குக் குறைந்தது 17 கோடி பவுண்ட். இருந்தாலும் கீழே உள்ள லீக் ஒன், லீக் டூ பிரிவுகளுக்கும் இதே ஏற்பாடுதான், இதே வெம்ப்ளிதான், அங்கே மழை தூறலோடு சரி.

சரி, என் பரிந்துரை: ஏறுசுற்று. அதன் கடைசி ஆட்டம் ஏறுசுற்று இறுதி.

பள்ளிக் கணக்கில் ஏறுவரிசை, இறங்குவரிசை படித்தோம். சந்தை நிலவரத்தில் ஏறுமுகம், இறங்குமுகம் என்கிறோம். அதே அச்சில் வார்த்தது. வினைத்தொகை என்பதால் ஏறிய, ஏறுகின்ற, ஏறும் என்று மூன்று காலமும் அடக்கம். நடுவில் ஒற்று மிகாது, "ஏறுச்சுற்று" என்று யாரும் திருத்தி அனுப்ப வேண்டாம். ஏறு என்றால் காளை, ஏறுதழுவல் ஞாபகம் வந்து ஜல்லிக்கட்டு என்று நினைத்துவிடுவார்களே என்று ஒரு நண்பர் கவலைப்பட்டிருந்தார். ஏறுமுகம் என்றால் யாரும் மாட்டு முகம் என்று படிப்பதில்லை. இதையும் படிக்க மாட்டார்கள்.

சொல்லை வைத்துவிட்டேன், இனி உடைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு நான்கைந்து நாட்டு லீகுகள் வேண்டாம், சண்டர்லேண்ட் ஒன்றே போதும். இந்த ஏற்பாட்டில் நடக்கக்கூடியது எல்லாம் அந்த ஒரு கிளப்புக்கு நடந்திருக்கிறது.

1998: சார்ல்டனோடு 4-4. சார்ல்டனின் மெண்டோன்கா மூன்று கோல். பெனால்டியில் சார்ல்டன் 7-6, சண்டர்லேண்டின் மைக்கேல் கிரே அடித்த கடைசி உதை கோல்கீப்பர் கைக்குள் போனது. சொல் தாங்குகிறது. 2019: லீக் ஒன் ஏறுசுற்று இறுதியில் மறுபடி சார்ல்டன், கடைசி நிமிடத்தில் கோல் வாங்கி 2-1 என்று தோல்வி. தாங்குகிறது. 2022: வைகோம்பை 2-0 என்று வென்று லீக் ஒன்னிலிருந்து ஏறினார்கள். 2025 சொல்லவே வேண்டாம், தொண்ணூறு நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்துக் கொடுத்த நேரத்தின் ஐந்தாவது நிமிடத்தில் எதிரணி தவறாகத் தட்டிய பந்தை டாம் வாட்சன் என்ற 19 வயதுப் பையன் எடுத்து, பெட்டிக்கு வெளியிலிருந்து தரையோடு தரையாக மூலைக்கு அனுப்பினான். அவன் பிரைட்டனுக்குப் போவது அதற்கு முன்பே முடிவாகிவிட்ட விஷயம். கிளப்பை ஏற்றிவிட்டுத் தான் வேறு கிளப்புக்குப் போனான்.

1990தான் கொஞ்சம் சோதிக்கிறது. இறுதி ஒரே ஆட்டமாக வெம்ப்ளிக்கு வந்த முதல் ஆண்டு அது. ஸ்விண்டன் 1-0 என்று ஜெயித்தது. ஆனால் அந்தக் கிளப்பின் பண முறைகேடு வெளியே வந்து, ஏற்றம் ரத்தாகி, தோற்ற சண்டர்லேண்ட் மேலே போனது! "வெற்றியாளர் சுற்று" என்பதுபோல எதையாவது வைத்திருந்தால் இங்கே மாட்டிக்கொண்டிருப்போம். ஏறுசுற்று தப்பித்துவிடுகிறது, அந்தச் சுற்றிலிருந்து ஒருவர் ஏறத்தானே செய்தார்.

உடைவது 1987இல். இதை ஒருவரும் சுட்டிக்காட்டவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. ஏற்பாடு தொடங்கிய முதல் இரண்டு ஆண்டுகளில் மேல் பிரிவின் அடிமட்டத்தில் தத்தளித்த ஓர் அணியையும் சேர்த்து ஆடவைத்தார்கள், ஏனென்றால் அப்போதைய உச்சப் பிரிவான முதல் பிரிவில் அணிகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டியிருந்தது. 1987இல் இரண்டாம் பிரிவில் 20ஆவதாக முடித்த சண்டர்லேண்ட், மூன்றாம் பிரிவு ஜில்லிங்ஹமோடு மோதி, இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-6 ஆகி, எதிரணி மைதானத்தில் அடித்த கோல் கணக்கில் தோற்று, தன் வரலாற்றிலேயே முதன்முறையாக மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது. அடுத்த ஆண்டு செல்சீக்கு அதே கதி, மிடில்ஸ்பரோவிடம் தோற்று முதல் பிரிவிலிருந்து விழுந்தார்கள். இவர்களுக்கு அது ஏறுசுற்றா? ஜெர்மனியில் இன்றும் இப்படி ஒன்று இருக்கிறது, அங்குள்ள உச்சப் பிரிவான பண்டஸ்லிகாவில் 16ஆவது வந்தவர் கீழ்ப் பிரிவில் மூன்றாவது வந்தவரோடு மோதுவார். ஒரே ஆட்டம் ஒருவருக்கு ஏணி, இன்னொருவருக்குப் படுகுழி.

இதை இரண்டு நாள் யோசித்தேன். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல் இருக்கிறது என்பதற்காக நாமும் ஒன்றையே வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கீழே உள்ளவர்கள் மட்டும் மோதினால் ஏறுசுற்று. மேலும் கீழும் கலந்து மோதினால் ஏற்ற இறக்கச் சுற்று, எல்லோர் வாயிலும் புழங்குகிற தொடர்தான். ஐபிஎல் வகைக்கு பிளே-ஆஃப் என்றே இருந்துவிட்டுப் போகட்டும், அதைப் பிடுங்கப் போனால் அடிதான் விழும்.

"இறுதி"யை எடுத்துவிட்டு "ஏறாட்டம்" என்று ஒரே சொல்லாக்கலாம் என்ற யோசனை எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் ஏறு+ஆட்டமா, ஏறா+ஆட்டமா? ஏறாத ஆட்டம் என்று படித்தால் கதை கந்தல். "ஏறுசுற்றிறுதி" என்று சேர்த்தும் எழுத வேண்டாம், அது நாக்கில் சிக்குகிறது.

வெள்ளிக்கிழமை தமிழாக்கத்தைக் கொடுக்க வேண்டும். அதுவரை கடும் எதிர்ப்பு எதுவும் வராவிட்டால் ஏறுசுற்று, ஏற்ற இறக்கச் சுற்று இரண்டையும் போட்டுவிடுகிறேன்.

அப்புறம் இன்னொன்று பாக்கி. ஏறுசுற்றின் அரையிறுதி இரண்டு பகுதியாக நடக்கும், ஒன்று இவர் மைதானத்தில், ஒன்று அவர் மைதானத்தில். ஆங்கிலத்தில் அந்தப் பகுதியை லெக், அதாவது கால், என்பார்கள். எனக்கு முன் இந்தத் தமிழாக்கத்தைப் பார்த்தவர் அதை அப்படியே "முதல் கால்", "இரண்டாம் கால்" என்று பெயர்த்து வைத்திருக்கிறார். அதனால் 2025இல் சண்டர்லேண்ட் கவென்ட்ரியோடு ஆடிய அரையிறுதி பற்றிச் செயலியில் இன்றைக்கும் இருக்கும் வரி: "பல்லார்ட் இரண்டாம் காலில் 122ஆம் நிமிடத்தில் தலையால் கோல் அடித்தார்". யாராவது உடனே ஒரு சொல் கொடுங்கள்.