உத்திரமேரூர் சபை மண்டபமும் எங்கள் ஊர்க் கல்வெட்டும்

கேள்வி:
உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் குடவோலைக் கல்வெட்டைக் (பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுத்து ஊர்ச்சபை உறுப்பினரைத் தேர்ந்த முறையைக் கூறுவது) கண்டேன். ஊர்ச்சபை கூடிய மண்டபம் எவ்வாறு கோயிலானது? எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்திலும் கல்வெட்டு உள்ளது. திருப்பணிக் குழுவினர் மணல் வீச்சு முறையில் (மணலை வேகமாகப் பீய்ச்சி அடித்து) அதைச் சுத்தம் செய்ய எண்ணுகின்றனர். செய்யலாமா?

மறுமொழி 1:
சபை மண்டபத்தின் மீதே பிற்காலத்தில் கோயில் எழுந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஊரின் 30 குடும்புகளையும் (தேர்தலுக்கான பகுதிகள்), உறுப்பினர் 35 வயதுக்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும் என்பதையும், கணக்குக் காட்டாதவரின் உறவினருக்கும் இடமில்லை என்பதையும் கூறுகிறது (இன்றைக்கு நடக்குமா!).

மறுமொழி 2:
மணல் வீச்சு கூடவே கூடாது. அழுக்கோடு கல்லின் மேற்பரப்பும் உதிர்ந்து, ஆழமில்லாத எழுத்துகள் மழுங்கிவிடும். முதலில் மைப்படி (எழுத்துகளை மையால் தாளில் ஒற்றி எடுக்கும் படி) எடுக்கச் செய்யுங்கள். பிறகு மென்மையான தூரிகையும் நல்ல தண்ணீரும் போதும். எண்ணெய்ப் பிசுக்குக்குத் தொல்லியல் துறையினரைக் கேளுங்கள்.