எச்61 போர்டில் ஐ7: பழைய கணினிகளில் பிராசசர் மாற்றியவர்களின் அனுபவங்கள்

மேற்கு மாம்பலம் உறுப்பினர்:

2011இல் அசெம்பிள் செய்து வாங்கிய கணினி ஒன்று என்னிடம் இருக்கிறது. எச்61 வகை மதர்போர்டு, இன்டெலின் கோர் ஐ3-2100 பிராசசர். கடிதம், கணக்கு, இணையம் ஆகியவற்றுக்கு அது போதுமானதாகவே இருந்தது. மகனின் திருமண வீடியோவை நானே எடிட் செய்யத் தொடங்கிய பிறகுதான் சிக்கல் தெரிந்தது. இரவு பதினொரு மணிக்கு எக்ஸ்போர்ட் கொடுத்துவிட்டுப் படுத்தால், காலைக் காபி முடிந்த பிறகும் அது ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் பிராசசர் நூறு சதவீதத்திலேயே நிற்க, ராம் பாதி காலியாக இருந்ததால் எதை மாற்ற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் எழவில்லை.

அதே எல்ஜிஏ 1155 சாக்கெட்டில் (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) பொருந்தும் ஐ7-3770 ஒன்றை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். இரண்டு கோர் இருந்த இடத்தில் நான்கு கோர், எட்டு திரெட் (ஒரே நேரத்தில் எட்டு வேலைகள்); மின் தேவையோ 65 வாட்டிலிருந்து 77 வாட்டுக்கு மட்டுமே உயர்கிறது என்பதால் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் தொட வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டிருந்தேன். சுண்ணாம்பாய்க் காய்ந்திருந்த பழைய தெர்மல் பேஸ்டை (பிராசசரின் சூட்டை அதன் மேலுள்ள உலோக ஹீட்சிங்குக்குக் கடத்தும் பசை) துடைத்து, புதியதைத் தடவி, பவர் கொடுத்தேன். மின்விசிறி சுழன்றது, திரையில் ஒன்றும் வரவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றே நினைத்தேன். பாவம், அவர் மேல் தவறில்லை. சாக்கெட் ஒன்றுதான் என்றாலும், 2012இல் வெளிவந்த மூன்றாம் தலைமுறை பிராசசரை என் போர்டில் இருந்த 2011ஆம் ஆண்டுப் பயாஸுக்கு (கணினியைத் தொடக்கி வைக்கும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) அடையாளம் தெரியவில்லை. ஐ3யைத் திரும்ப மாட்டி, போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து அந்த மாடலுக்குரிய புதிய பயாஸைப் பென்டிரைவில் இறக்கி, நடுவில் மின்சாரம் போனால் போர்டே போய்விடும் என்பதால் யுபிஎஸ்ஸில் இணைத்து அப்டேட் செய்த பிறகே ஐ7 வேலை செய்தது. நல்லவேளை, ஐ3யை அந்தக் கடையிலேயே கொடுத்துக் கழித்துக்கொள்ளலாம் என்ற யோசனையை நான் செயல்படுத்தவில்லை.

இப்போது அதே அளவு வீடியோ நான்கு மணி நேரத்தில் முடிகிறது. ஆனால் விண்டோஸ் திறக்கும் நேரம் சற்றும் குறையவில்லை. அதற்குக் காரணம் ஹார்ட் டிஸ்க் என்பதால், அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம் போட்ட பிறகுதான் அது சரியானது. இணையம் பார்க்க மட்டும் கணினி வைத்திருப்பவர்கள் முதலில் அதைச் செய்வதே சிக்கனம்.

திருச்சி உறுப்பினர்:

ஐயாவின் பதிவைப் படித்துவிட்டு என் மடிக்கணினியைத் திறந்தேன். பிராசசர் கழற்ற முடியாதபடி போர்டிலேயே சால்டர் செய்து பற்றவைக்கப்பட்டிருந்தது. இன்டெலின் ஐந்தாம் தலைமுறையிலிருந்து மடிக்கணினி பிராசசர்கள் அப்படித்தான் வருகின்றன என்பதைத் திருகாணிகள் அனைத்தையும் கழற்றிய பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

கோவை உறுப்பினர்:

என்னுடையது ஏஎம்டி நிறுவனத்தின் பிராசசர், ஏஎம்3 சாக்கெட். அத்லான் 2 எக்ஸ்2 250 பிராசசருக்குப் பதிலாக ஃபீனம் 2 எக்ஸ்4 955 போட எண்ணியிருந்தேன். என் போர்டு 95 வாட் வரையே தாங்கும், 955இல் பெரும்பாலானவை 125 வாட் என்று தெரிந்ததும் 95 வாட் 945ஐத் தேடி வாங்கினேன். இன்டெல் போர்டில் பிராசசரை இரும்புச் சட்டம் அழுத்திப் பிடித்திருக்கும். இதிலோ பின்கள் பிராசசரின் அடியில்தான் இருக்கின்றன; மேலே பிடிமானம் எதுவும் இல்லை. பேஸ்ட் இறுகியிருந்ததை அறியாமல் ஹீட்சிங்கை நேராக இழுத்தபோது, லீவர் பூட்டியிருந்தும் அத்லான் அதோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடேற்றி, அணைத்த பிறகு ஹீட்சிங்கை மெல்ல இடமும் வலமும் திருகிக் கழற்றியிருக்க வேண்டும். புதிய 945ஐ மாட்டியதில் வேகம் நன்றாகவே கூடியது. வளைந்த பின்களைக் காலியான மைக்ரோடிப் பென்சிலின் முனையில் நுழைத்து ஒவ்வொன்றாக நிமிர்த்தி, அந்த அத்லானை அண்ணன் மகளின் கணினியில் போட்டுக் கொடுத்தேன். ஒரு பின் ஒடிந்துவிட்டதால் அதில் இரண்டாவது ராம் ஸ்லாட்டை மட்டும் போர்டு இன்றுவரை காட்டுவதில்லை.