கிராட்ஸ் குடும்பத்தாரின் கிரயப் பத்திரங்கள் செல்லத்தக்கவையா? 1823ஆம் ஆண்டுத் தீர்ப்பை முன்வைத்து ஒரு விவாதம்

செப்பேடு (விவாதத்தைத் தொடங்குபவர்)

பிலடெல்பியாவில் வணிகம் செய்த பார்னார்ட் கிராட்ஸ், மைக்கேல் கிராட்ஸ் சகோதரர்களும், மைக்கேலின் மாமனாரான லங்காஸ்டர் வணிகர் ஜோசப் சைமனும், டேவிட் ஃபிராங்க்ஸும், வேறு பலரும் பங்குதாரர்களாகச் சேர்ந்து ‘இலினாய்ஸ் கம்பெனி’ என்ற கூட்டு நிறுவனத்தை அமைத்தார்கள். அவர்களுடைய முகவரான வில்லியம் மரே, 1773 ஜூலை 5 அன்று மிசிசிப்பி ஆற்றுக்கு அருகிலுள்ள கஸ்காஸ்கியா என்ற ஊரில், இலினாய்ஸ் பூர்வகுடித் தலைவர்களிடமிருந்து இரண்டு பெரும் நிலப்பரப்புகளைக் கிரயம் பெற்றார். கம்பளம், சட்டை, வெடிமருந்து, ஈயம், பித்தளைப் பாத்திரம், மாவு, குதிரை, மாடு என்று பொருளாகவே விலை கொடுக்கப்பட்டது. 1775 அக்டோபர் 18 அன்று, இதன் உடன்பிறப்பைப் போன்ற வாபாஷ் கம்பெனி, பியங்கஷா மக்களிடமிருந்து வாபாஷ் ஆற்றின் இருபுறமும் நிலம் வாங்கியது; பின்னர் இரு கம்பெனிகளும் ஒன்றாக இணைந்தன.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1775 கிரயத்தின் பங்குதாரர்களில் ஒருவரும் மேரிலாந்து மாநிலத்தின் முதல் ஆளுநருமான தாமஸ் ஜான்சனின் வாரிசுகள், அமெரிக்க அரசிடமிருந்து நிலம் வாங்கியிருந்த வில்லியம் மெகிண்டாஷின் மீது வழக்குத் தொடுத்தார்கள். 1823இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் அவர்களுடைய பத்திரங்களை ஏற்க மறுத்தார். ஐரோப்பிய அரசுகள் ஒரு நிலத்தைக் ‘கண்டறிந்த’ உடனேயே அதன் முழு உரிமை அவற்றைச் சேர்ந்துவிடுகிறது. பூர்வகுடிகளுக்கு எஞ்சுவது அனுபோக உரிமை, அதாவது நிலத்தில் வாழ்ந்து அதைப் பயன்படுத்தும் உரிமை மட்டுமே. அந்த உரிமையையும் அரசுக்கே அன்றி வேறு எவருக்கும் அவர்கள் விற்க இயலாது. தீர்ப்பின் சாரம் இதுதான்.

வணிகக் குடும்பங்களைப் பேராசைக்காரர்கள் என்று ஒதுக்கிவிட்டு இந்தத் தீர்ப்பைப் பூர்வகுடிகளுக்குக் கிடைத்த பாதுகாப்பாகக் காட்டும் வழக்கம் வாசகர்களிடையே இருக்கிறது. நான் அதை ஏற்கவில்லை. கிரயப் பத்திரம் எழுதி வாங்குபவர், எதிரில் இருப்பவரை நிலத்தின் சொந்தக்காரர் என்று ஒப்புக்கொண்டே வாங்குகிறார். மார்ஷல் அந்த ஒப்புகையையே சட்டத்திலிருந்து அகற்றினார். ஆகவே அந்தப் பத்திரங்கள் செல்லும் என்றே தீர்ப்பு வந்திருக்க வேண்டும் என்பது என் வாதம்.

வழக்காடி

செப்பேடு அவர்களுக்கு வணக்கம். நான் உரிமையியல் வழக்குகளில் பழகியவன் என்பதால், முதலில் பத்திரத்தின் பின்னணியைப் பார்க்க விரும்புகிறேன். 1763 அக்டோபர் 7 அன்று மூன்றாம் ஜார்ஜ் மன்னர் வெளியிட்ட பிரகடனம், பூர்வகுடிகளுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தைத் தனியார் வாங்குவதைத் தெளிவாகத் தடை செய்தது. 1773இல் மரேவும் அவருடைய முதலாளிகளும் பிரிட்டிஷ் குடிமக்கள். தங்களைக் கட்டுப்படுத்தும் தடையை அறிந்தே வாங்கியவர்கள், பின்னர் “நாங்கள் நல்ல நம்பிக்கையில் வாங்கினோம்” என்று கோர முடியாது.

அந்தத் தடையைத் தாண்ட அவர்கள் கையாண்ட வழி நம் வாசகர்களுக்குக் கூடுதல் அக்கறை தரக்கூடியது. 1757இல் பிளாசிப் போர் நடந்த அதே ஆண்டில், பிரிட்டிஷ் அரசின் தலைமை வழக்கறிஞர்களான சார்லஸ் பிராட்டும் சார்லஸ் யார்க்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஒரு சட்டக் கருத்துரை வழங்கினார்கள். முகலாயப் பேரரசரிடமிருந்தோ இந்திய அரசர்களிடமிருந்தோ உடன்படிக்கையாலும் கொடையாலும் கம்பெனி பெறும் நிலத்துக்கு மன்னரின் தனிச் சாசனம் தேவையில்லை என்பது அதன் பொருள். மரே கையில் வைத்திருந்த அதன் நகலில் முகலாயப் பேரரசரைக் குறித்த சொற்கள் இல்லை. எஞ்சிய ‘இந்திய அரசர்கள்’ என்ற சொற்களைப் படிப்பவர், அது அமெரிக்கப் பூர்வகுடிகளையே குறிக்கிறது என்று எண்ணிக்கொள்வார். அந்த நகலைத்தான் மரே கஸ்காஸ்கியாவின் படைத் தலைவர் ஹியூ லார்டிடம் காட்டினார். வங்காளத்துக்காக எழுதப்பட்ட கருத்துரை, சொல் நீக்கப்பட்டு, மிசிசிப்பிக் கரையில் நிலம் வாங்கும் அனுமதிச் சீட்டாக மாறியது. சொந்தக்காரரை மதித்து வாங்கியவர்கள் என்று இவர்களை எப்படி ஏற்பது?

செப்பேடு

அந்தக் கருத்துரை பற்றிய செய்தியை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். என் முதல் பதிவில் அதைச் சொல்லாமல் விட்டது குறைதான். ஆனால் வாங்கியவரின் குற்றம் விற்றவரின் உரிமையை அழிக்குமா? 1763 பிரகடனம் பிரிட்டிஷ் குடிமக்களைக் கட்டுப்படுத்தியது. இலினாய்ஸ் மக்கள் பிரிட்டிஷ் குடிமக்கள் அல்லர்.

தனியார் விற்பனை தடுக்கப்பட்ட பின் விற்பவருக்கு என்ன கிடைத்தது என்பதையும் பாருங்கள். 1773 கிரயத்தில் கொடுக்கப்பட்ட பொருள்களின் மதிப்பு 24,000 டாலர் என்றும், 1775 கிரயத்தில் 31,000 டாலர் என்றும் வழக்கின் ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மை அறிக்கை கூறுகிறது. 1773இல் விற்றவர்களில் கஸ்காஸ்கியா மக்களும் அடங்குவர். அதே கஸ்காஸ்கியா மக்கள் 1803 ஆகஸ்ட் 13 அன்று வின்சென்ஸ் நகரில், இந்தியானா பிரதேச ஆளுநர் வில்லியம் ஹென்றி ஹாரிசனுடன் செய்துகொண்ட உடன்படிக்கையில் சுமார் 80 லட்சம் ஏக்கரை அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுத்தார்கள். அவர்களுக்கான ஆண்டுத் தொகை 1,000 டாலராக உயர்த்தப்பட்டது. தேவாலயம் கட்ட 300 டாலரும், பாதிரியாருக்கு ஏழாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 100 டாலரும் ஒதுக்கப்பட்டன. 1805 டிசம்பரில் பியங்கஷா மக்களும் இவ்வாறே 1,100 டாலர் ரொக்கத்துக்கும் ஆண்டுக்கு 300 டாலர் கூடுதல் தொகைக்கும் பெரிய நிலப்பரப்பைக் கொடுத்தார்கள். சந்தைக்கு ஒரே ஒருவர்தான் வாங்க வருவார் என்று சட்டம் போட்டுவிட்டால், விற்பவர் அவர் சொன்ன விலைக்குத்தான் விற்க வேண்டும். நெல் விற்கும் எந்த விவசாயியிடம் கேட்டாலும் இதைச் சொல்வார்.

தாமிரபரணி

இருவரின் பதிவுகளையும் கவனமாகப் படித்தேன். நீங்கள் இருவரும் பத்திரத்தைப் பார்க்கிறீர்கள். அதற்கு முந்தைய கடன் கணக்கைப் பார்க்கவில்லை என்று எனக்குப் படுகிறது.

எல்லைப்புற வணிகம் கடனில்தான் நடந்தது. லண்டன் மொத்த வணிகர் பிலடெல்பியாக் குடும்பத்துக்குக் கடனில் சரக்கு அனுப்புவார். அந்தக் குடும்பம் பிட் கோட்டை (இன்றைய பிட்ஸ்பர்க்) வழியாகச் சிறு வணிகருக்குக் கடனில் தரும். அவர் வேட்டைக்காரருக்கு, வரும் பருவத்தின் தோலை எதிர்பார்த்து, வெடிமருந்தும் கம்பளமும் கடனில் கொடுப்பார். போர் வந்தால் இந்தச் சங்கிலி முழுவதும் அறுந்துபோகும். 1763இல் பிரிட்டிஷாருக்கு எதிராகப் பூர்வகுடிகள் நடத்திய பாண்டியாக்கின் போரில் அப்படித்தான் நடந்தது. சரக்கை இழந்த வணிகர்கள் தங்களைத் ‘துன்புற்ற வணிகர்கள்’ என்று அழைத்துக்கொண்டு, 1768 நவம்பரில் ஸ்டான்விக்ஸ் கோட்டை உடன்படிக்கையின்போது, இரோகுவா பூர்வகுடிகளின் ஆறு இனக் கூட்டமைப்பிடமிருந்து இன்றைய மேற்கு வர்ஜீனியாவில் பெரும் நிலக்கொடையை இழப்பீடாகப் பெற்றார்கள். செப்பேடு குறிப்பிட்ட ஜோசப் சைமனும் அவர்களில் ஒருவர். அந்த நிலத்தின் பக்கத்தில் வேட்டையாடி வாழ்ந்த ஷானி மக்கள் அந்த விட்டுக்கொடுப்பை ஏற்கவில்லை. ஒருவருடைய கடன் கணக்கை இன்னொருவருடைய நிலத்தால் தீர்த்த செயல் அது. இங்கே “சொந்தக்காரர் என்ற ஒப்புகை” யாருக்குக் கிடைத்தது, செப்பேடு?

அரசு இதைவிட மேலாக நடந்துகொண்டது என்றும் நான் சொல்லவில்லை. 1803 பிப்ரவரி 27 அன்று ஹாரிசனுக்கு எழுதிய கடிதத்தில், பூர்வகுடிகளில் செல்வாக்குள்ளவர்கள் கடனில் மூழ்குவதை வரவேற்பதாகவும், கடன் தாங்க முடியாத அளவுக்கு ஏறும்போது அவர்கள் நிலத்தைக் கொடுத்துத் தீர்க்க முன்வருவார்கள் என்றும் அன்றைய அமெரிக்க அதிபர் ஜெபர்சன் வெளிப்படையாகவே குறிப்பிட்டார். 1805 நவம்பரில் சாக்டா மக்கள் 40 லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைக் கொடுத்தபோது, அரசு தந்த 50,500 டாலரில் 48,000 டாலர் வணிகர்களின் கடனுக்கே ஒதுக்கப்பட்டது. அதில் பெரும்பங்கு, ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் இருந்த ஸ்காட்லாந்து வணிகக் குடும்பங்களின் நிறுவனமான பேண்டன் லெஸ்லியின் வழிவந்த ஜான் ஃபோர்ப்ஸ் கம்பெனிக்குச் சென்றது. அந்த வரியைப் படித்த நாள் முழுவதும் எனக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை.

வழக்காடி

தாமிரபரணி அவர்களின் பதிவு விவாதத்தை ஆழப்படுத்திவிட்டது. அதனுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். இந்த நிறுவனங்கள் வெறும் கடைக்காரர்களின் கூட்டாக நிற்கவில்லை. 1779இல் இணைந்த இலினாய்ஸ்–வாபாஷ் கம்பெனியில் ராபர்ட் மோரிஸும், பின்னர் உச்ச நீதிமன்ற நீதிபதியான ஜேம்ஸ் வில்சனும் பங்கு வைத்திருந்தார்கள். மேற்கு நிலங்களின் மீது வர்ஜீனியா கொண்டாடிய உரிமையைக் கைவிடும்வரை, மாநிலங்களை இணைத்த முதல் அரசியலமைப்பான கூட்டாட்சி ஒப்பந்தத்தை ஏற்க மாட்டோம் என்று மேரிலாந்து 1781 வரை தாமதித்ததற்கு, அந்த மாநிலத்தின் தலைவர்கள் பலர் இந்தப் பங்குகளை வைத்திருந்ததும் ஒரு காரணம். காங்கிரஸிடம் மனு மேல் மனு கொடுத்துத் தோற்ற பிறகே இவர்கள் நீதிமன்றத்துக்கு வந்தார்கள்.

வழக்குமே உண்மையான தாவாவாக அமையவில்லை. ஜான்சன் வாரிசுகளின் நிலமும் மெகிண்டாஷின் நிலமும் ஒன்றன்மீது ஒன்று படியவே இல்லை என்று பின்னாளைய சட்ட வரலாற்று ஆய்வாளர்கள் வரைபடத்தை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். இரு தரப்பும் ஒப்புக்கொண்ட உண்மை அறிக்கையின் மீதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பியங்கஷா மக்கள் வழக்கில் தரப்பினராக இல்லை. அவர்கள் சார்பில் ஒரு சொல்லும் பேசப்படவில்லை.

செப்பேடு, மார்ஷலின் தீர்ப்பிலேயே நீங்கள் தொடாமல் விட்ட ஒரு பகுதி இருக்கிறது. பூர்வகுடிகளிடம் தனியார் ஒருவர் நிலம் வாங்கினால், அவர் அவர்களுடைய பாதுகாப்பிலும் அவர்களுடைய சட்டத்துக்கு உட்பட்டுமே அதை வைத்திருக்கிறார்; அவர்கள் அந்தக் கொடையை ரத்து செய்தால் அதை நம் நீதிமன்றம் திருத்த முடியாது என்கிறார் அவர். நீங்களே எடுத்துக்காட்டிய 1803, 1805 உடன்படிக்கைகளில் அவர்கள் அதே நிலத்தை, கம்பெனிக்கென எதையும் ஒதுக்காமல், அரசுக்குக் கொடுத்தார்கள். விற்றவரின் இறையாண்மையை மதிக்கிறோம் என்றால், அந்த ரத்தையும் மதிக்கத்தானே வேண்டும்?

செப்பேடு

இது வலுவான கேள்வி. இரண்டு நாள் யோசித்த பிறகே பதில் எழுதுகிறேன். ஜெபர்சன் கடிதம் எழுதிய அதே ஆண்டில், அந்தக் கடிதத்தைப் பெற்ற ஹாரிசனே எழுதி வாங்கிய உடன்படிக்கையை விற்றவரின் முழு விருப்பத்தால் செய்யப்பட்ட ரத்து என்று கொள்ள என் மனம் ஒப்பவில்லை. ஆயினும் சட்டப்படி உங்கள் வாதத்துக்கு என்னிடம் நேரான மறுப்பு இல்லை.

ஒன்றை மட்டும் முன்வைக்கிறேன். 1835இல் இதே நீதிமன்றம், மிட்செல் வழக்கில், ஃபுளோரிடாவில் ஃபோர்ப்ஸ் கம்பெனி வாங்கிய 12 லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலக் கிரயத்தை உறுதி செய்தது. அதுவும் வணிகக் கடனுக்கு ஈடாகப் பூர்வகுடிகள் எழுதிக் கொடுத்த நிலமே. பூர்வகுடிகளின் அனுபோக உரிமை வெள்ளையரின் முழு உடைமையைப் போலவே புனிதமானது என்று நீதிபதி பால்ட்வின் அதில் எழுதினார். ஆக, வணிகரின் பத்திரத்தை ஏற்கும் வழி அமெரிக்கச் சட்டத்தில் இருந்தது.

வழக்காடி

இருந்தது, ஆனால் அதைத் திறந்தது ஸ்பானிய ஆளுநர்களின் ஒப்புதல்தான். அரசின் முத்திரை இருந்ததால் ஃபோர்ப்ஸ் வென்றார். அது இல்லாததால் ஜான்சன் வாரிசுகள் தோற்றார்கள். ‘புனிதமானது’ என்ற அந்த அழகிய சொல்லால் நிலத்தைப் பெற்றது வணிகரிடமிருந்து அதை வாங்கிய மிட்செல். ஃபுளோரிடாவின் பூர்வகுடிகளான செமினோல் மக்களோ அதற்கு 12 ஆண்டுகள் முன்பே, 1823 மவுல்ட்ரி ஓடை உடன்படிக்கையால், தீபகற்பத்தின் உட்பகுதிக்குள் ஒதுக்கப்பட்டிருந்தார்கள்.

செப்பேடு

அப்படியானால் என் வாதத்தைச் சுருக்கிக்கொள்கிறேன். பத்திரங்கள் செல்லும் என்று தீர்ப்பு வந்திருக்க வேண்டும் என்ற கூற்றைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் மார்ஷல் 1763 பிரகடனத்தை மட்டும் காட்டியே இந்த வழக்கைத் தள்ளுபடி செய்திருக்கலாம். தீர்ப்பின் பிற்பகுதியில் அவரே அந்தப் பிரகடனத்தை எடுத்துப் பேசுகிறார். கண்டறிந்தவருக்கே நிலம் என்ற கோட்பாட்டை நிறுவ வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. வணிகர்களைத் தோற்கடிக்கப் போதுமான சட்டம் கையில் இருந்தும், வழக்கிலேயே இல்லாத மக்களின் உடைமையைப் பறிக்கும் சட்டத்தை அவர் எழுதினார். 2005இல் ஒனைடா மக்களுக்கு எதிரான ஷெரில் நகர வழக்கின் தீர்ப்பில்கூட அந்தக் கோட்பாடு அடிக்குறிப்பில் எடுத்தாளப்பட்டது.

தாமிரபரணி

இந்த வடிவில் உங்கள் வாதத்தை நானும் ஏற்கிறேன். என் கவலை கடன் கணக்கைப் பற்றியது. அதை எந்தத் தீர்ப்பும் தொடவில்லை.

வழக்காடி

எனக்கும் உடன்பாடே. பிரகடனத்தோடு நிறுத்தியிருந்தால் அது செம்மையான தீர்ப்பாக இருந்திருக்கும். ஒன்றில் மட்டும் நான் இன்னும் விலகி நிற்கிறேன், செப்பேடு. 24,000 டாலரையும் 1803ஆம் ஆண்டுத் தொகையையும் அருகருகே வைத்து வணிகர் அதிக விலை கொடுத்தார் என்றீர்கள். அந்த மதிப்பு கம்பெனிக்கு ஆதரவான அறிக்கையில் எழுதப்பட்டது. மலை கடந்து, ஆறு கடந்து வந்த சரக்குக்கு வணிகர் தாமே இட்ட எல்லைப்புற விலை அதில் எவ்வளவு என்பதை அந்த அறிக்கை பிரித்துக் காட்டவில்லை. ஒரு கம்பளத்தின் கொள்முதல் விலை தெரியாமல், அந்தத் தொகையை விற்றவர்கள் பெற்ற மதிப்பாக என்னால் ஏற்க முடியாது.