பழைய டிராக்டர் லோடர்: புது சீல் போட்ட பிறகும் சிலிண்டர் ராடில் ஆயில் கசிவு

கேள்வி:
வணக்கம். முன்பக்க லோடர் பொருத்திய பழைய டிராக்டர் ஒன்றை வைத்திருக்கிறேன். ஆயில் அழுத்தத்தால் லோடர் கையைத் தூக்கும் இரண்டு சிலிண்டர்களில் இடப்பக்கத்தில் கசிவு இருந்ததால், ராடு (சிலிண்டரிலிருந்து நீண்டு சுருங்கும் தண்டு) வெளிவரும் இடத்தில் ஆயிலை அடைக்கும் ராடு சீலையும், தூசு நுழையாமல் தடுக்கும் தூசு சீலையும் மாற்றினோம். சில நாள் உலர்ந்திருந்த ராடு இப்போது மறுபடியும் நனைகிறது. பாரத்தோடு தூக்கி லிவரை நடுநிலையில் விட்டால், கையும் மெல்ல இறங்குகிறது. சீல் தரமற்றதா, லிவரால் இயங்கி ஆயிலைத் திருப்பிவிடும் வால்வு தேய்ந்துவிட்டதா, எதை முதலில் சோதிப்பது?

பதில்:
சீலைக் குறை சொல்வதற்கு முன் ராடைப் பாருங்கள். லோடர் கையை உயர்த்தி, உறுதியான முட்டுக் கொடுத்து, கை முட்டின் மேல் அமர்ந்த பின் என்ஜினை நிறுத்துங்கள். லிவரை இரு பக்கமும் அசைத்து அழுத்தத்தை இறக்கிவிட்டு, ராடைத் துடைத்து அதன் நீளவாக்கில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டும் அளவுக்குக் கீறலோ, குரோம் பூச்சு பெயர்ந்த துருப்புள்ளியோ இருந்தால், ஒவ்வொரு ஏற்றத்திலும் அது சீலின் உதட்டை அறுத்துக்கொண்டே இருக்கும். ஹோஸ்களில் கசிவு தேடும்போது மட்டும் தயவுசெய்து கையால் தடவாதீர்கள். ஊசித்துளையிலிருந்து பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் அது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம். ஓர் அட்டைத் துண்டைத் தள்ளிப் பிடித்துப் பார்ப்பதே முறை.

பதில்:
ராடு நன்றாக இருந்தால், என் சந்தேகம் பிஸ்டன் சீலின் மேல்தான். சிலிண்டருக்குள் ராடின் முனையில் இருக்கும் பிஸ்டனின் இரு பக்கத்து ஆயிலையும் பிரித்து வைப்பது அதுதான். கையைத் தூக்கும்போது ராடு பக்கத்து ஆயில் டேங்குக்குத் திரும்புவதால் அங்கே அழுத்தம் குறைவு. லிவரை நடுநிலைக்குக் கொண்டுவந்ததும் இரு பக்கமும் அடைபடுகின்றன. அப்போது பிஸ்டன் சீல் ஆயிலை விட்டால், இரு பக்கத்திலும் அழுத்தம் சமமாகி, முழு பாரத்தையும் ராடின் குறுக்குப் பரப்பு மட்டுமே தாங்க நேர்கிறது. உதாரணமாக, சிலிண்டரின் உள்விட்டம் 60 மி.மீ., ராடு 35 மி.மீ. என்றால், 50 பார் (அழுத்தத்தின் அலகு) இருக்க வேண்டிய அழுத்தம் ஏறத்தாழ 147 பாராக உயரும். அந்த அழுத்தம் ராடு சீலையும் வால்வையும் ஒருசேர நெருக்கும். இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு: வால்வும் ராடு சீலும் முழுமையாக அடைத்து நின்றால், பிஸ்டன் சீல் கெட்டிருந்தாலும் கை இறங்காது, ஏனென்றால் உள்ளே நுழையும் ராடுக்கு இடம்விட வெளியேறும் ஆயிலுக்கு வழியில்லை. ஆகவே உங்கள் லோடரில் வால்வும் ஓரளவு விடுகிறது எனலாம். ஆனால் அதைத் தொடும் முன் பிஸ்டனைச் சோதியுங்கள்.

பக்கெட்டைக் காலியாக்கித் தரையில் இறக்கி, அழுத்தத்தை விடுத்து, ஒரு சிலிண்டரின் ராடு பக்க ஹோஸைக் கழற்றி அதன் வாயை அடைத்துவிடுங்கள். சிலிண்டர் வாயில் வேறொரு ஹோஸை மாட்டி ஒரு வாளியில் விடுங்கள். என்ஜினை மெதுவான வேகத்தில் ஓட்டிக் கையை உச்சிவரை தூக்கி, லிவரைச் சற்றே பிடித்து வையுங்கள். அடியில் யாரும் நிற்கக் கூடாது. உள்ளே தேங்கிய ஆயில் வந்து தீர்ந்த பிறகும் ஓட்டம் நிற்காவிட்டால் அந்தச் சிலிண்டரின் பிஸ்டன் சீல் போய்விட்டது. இரு சிலிண்டர்களும் ஒரே குழாயில் இணைந்திருப்பதால், ஒன்றின் கோளாறு மற்றதன் ராடு சீலையும் கெடுக்கும். எனவே வலப்பக்கத்தையும் தவறாமல் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
சோதித்தேன். ராடில் கீறல் இல்லை. இடப்பக்கம் சொட்டோடு நின்றது. வலப்பக்கத்திலோ விரல் தடிமனில் ஆயில் விடாமல் வந்தது. கசியாத சிலிண்டரில்தான் கோளாறு!

பதில்:
அப்படியானால் வலப்பக்கத்தைப் பிரியுங்கள். சீல் வாங்கும் முன் சிலிண்டரின் உட்சுவரை வெளிச்சத்தில் பாருங்கள். நீளவாக்கில் ஆழமான கோடு இருந்தால் புதுச் சீலும் நிலைக்காது. சீலின் உதடு அழுத்தம் வரும் பக்கத்தைப் பார்த்து அமர வேண்டும். மறுபடி மாட்டும்போது, கூம்பு முனையுள்ள ஃபிட்டிங்குகளிலும் ஓ-ரிங் ஃபிட்டிங்குகளிலும் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். பிய்ந்த துணுக்கு வால்வுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். இடப்பக்க ராடு சீலையும் மாற்றிவிடுங்கள். பிறகு பாரமில்லாமல், குறைந்த வேகத்தில் கையைச் சில முறை முழுவதும் ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றி, கையைத் தரையில் வைத்து ஆயில் அளவைப் பாருங்கள். அதன் பிறகும் பாரத்தில் கை வேகமாக இறங்கினால் வால்வுக்கு வாருங்கள்.