செஃப்ட்ரியாக்சோன் ஊசி: உங்களுக்கு நடந்தது என்ன?

விசுவமடு மகள்:

பக்டீரியாத் தொற்றுக்காக வார்டில் காலையில் கரைத்து, கனுலா (நாளத்தில் செருகிய சிறு குழாய்) வழியாக ஏற்றும் அந்த வெள்ளைத் தூள் மருந்தை இங்கே தெரியாதவர் இல்லை. அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று, குளிர்நடுக்கம். அனுமதிக்கும்போது, முன்பு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதா என்று வைத்தியர் கேட்டார். அம்மா வாய் திறக்குமுன் நான் "இல்லை" என்று சொல்லிவிட்டேன்.

ஊசி பாதிதான் ஏறியிருக்கும். "பிள்ளை, உள்ளங்கை கடிக்கிறது" என்றார் அம்மா. அரிப்புத் தாங்காமல் இரண்டு கைகளையும் கட்டில் சட்டத்தில் தேய்த்தார். தாதி அந்தக் கணமே நிறுத்தினார். அதற்குள் உதடு தடித்து, குரல் அடைத்துவிட்டது. தொடையில் அட்ரினலின் போட்டார்கள். என்னை வெளியே அனுப்பினார்கள்.

மாலையில்தான் அம்மா சொன்னார். 2008 கடைசியில் தருமபுரத்தில், கொட்டிலில் வைத்துப் போட்ட பென்சிலின் ஊசிக்கு முகம் வீங்கியதாம். எழுதிக் கொடுத்த துண்டு உடுப்புப் பையோடு, போரில் ஓடியபோது மாத்தளனில் போய்விட்டதாம். அந்த "இல்லை" இன்னும் என் காதில் கேட்கிறது.

முத்தையன்கட்டு வயல்காரர்:

எனக்கு நடந்தது வேறு. காலபோக விதைப்பு முடிந்த கையோடு காய்ச்சல். எலிக்காய்ச்சலாக இருக்கும் என்று இதே ஊசியைத் தொடங்கினார்கள். ஐந்து நாள் போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. மருந்து போலியோ என்று மனைவி வார்டில் சண்டைக்கே போய்விட்டார்.

ஆறாம் நாள் ஓர் இளம் வைத்தியர் என் கால்மாட்டில் குந்தியிருந்து குதிகால் வெடிப்பைப் பார்த்தார். "ஐயா, வெறுங்காலோடா வயலுக்குள் இறங்குகிறீர்கள்? சீனி வருத்தமும் இருக்கிறதா?" இரண்டுக்கும் ஆம் என்றேன். இரத்தத்தை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினார். மெலியோய்டோசிஸ். சேற்றிலும் மண்ணிலும் வாழும் கிருமியாம். ஸ்கேனில் ஈரலில் சீழ்க்கட்டி தெரிந்தது. செஃப்ட்ரியாக்சோனை நிறுத்தி, அதே குடும்பத்து செஃப்டசிடிமை எட்டு மணிக்கொரு தடவை பல நாள் ஏற்றினார்கள். பிறகு மாதக்கணக்கில் குளிசை. ஊசி போலியில்லை. அந்தக் கிருமிக்கு அது போதாது, அவ்வளவுதான்.

மல்லாவி அம்மா:

மகனுக்கு ஒன்பது வயது, நெருப்புக்காய்ச்சல் (டைபொயிட்). பத்து நாள் ஊசிக்குப் பிறகு வயிற்றுவலி வந்தது. ஸ்கேனில் பித்தப்பைக்குள் கல் என்றதும் மாமியார் நெஞ்சிலடித்து அழுதார். மருந்தும் கல்சியமும் சேர்ந்து படிவது, தானாகக் கரையும் என்றார் வைத்தியர். இரண்டு மாதத்தில் ஒன்றுமில்லை. அறுவைச் சிகிச்சைக்குக் காசு தேடியே போயிருப்போம்.

புளியங்குளம் தம்பி:

அண்ணாவுக்குக் காய்ச்சல் இரண்டாம் நாள். ஊசி போட்டால்தான் விடும் என்று தனியார் இடமொன்றில் அவரே வற்புறுத்திப் புட்டத்தில் போட்டுக்கொண்டு வந்தார். இரத்தம் சோதிக்கவேயில்லை. அது டெங்கு. நான்காம் நாள் சாரத்தை விலக்கிப் பார்த்தபோது ஊசி குத்திய இடம் நாவற்பழ நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றியிருந்தது. இரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் இறங்கும் நோயில் தசையில் ஊசியே போடக்கூடாதாம். வைரஸுக்கு இந்த மருந்தால் எந்தப் பயனுமில்லை.

வார்டில் இருபது வருடம்:

நான் தாதி. விசுவமடுத் தங்கச்சி எழுதியதை அப்படியே விடமுடியவில்லை. பென்சிலின் ஒவ்வாமை இருந்தால், அதற்கு உறவான இந்த ஊசியே கூடாது என்று வாசிப்பவர்கள் நினைத்துவிடுவார்கள். பென்சிலின் ஒவ்வாத நூறு பேரில் பத்துப் பேருக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாது என்பது பழைய கணக்கு. ஒரு மருந்து ஒவ்வாமல் போனவருக்கு மற்றது ஒவ்வுமா என்பதை மூலக்கூற்றின் பக்கச் சங்கிலி, அதாவது அதன் நடுப்பகுதியிலிருந்து நீளும் கிளைதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. செஃப்ட்ரியாக்சோனுடையது பென்சிலினுடையதைப் போன்றதல்ல. பென்சிலின் வகையான அம்பிசிலின் ஒவ்வாதவருக்கு, இந்த ஊசியின் குடும்பத்து செஃபலெக்சின் குளிசைதான் கூடுதல் கவலை. அம்மாவுக்குப் பென்சிலின் கதை இல்லாமலே இது நடந்திருக்கலாம், தங்கச்சி.

2023 ஜூலையில் கண்டிப் பக்கத்தில் 21 வயதுப் பெண் இந்த ஊசிக்குப் பின் இறந்த செய்தி வந்ததிலிருந்து, மருந்தைக் கண்டாலே கையை இழுத்துக்கொள்பவர்கள் உண்டு. பக்டீரியாவால் வரும் மூளைக்காய்ச்சலில் இதை மறுத்தால் உயிர் போகலாம். மறுக்காதீர்கள், கேளுங்கள். என்ன மருந்து, எதற்கு என்று கேளுங்கள். ஊசி ஏறும்போது நோயாளியின் பக்கத்தில் இருங்கள், தொலைபேசியைப் பார்க்காதீர்கள். உள்ளங்கை, உள்ளங்கால் கடித்தாலோ தொண்டை இறுகினாலோ உடனே கத்துங்கள். நாளத்தில் சில நிமிடமெடுத்து மெதுவாக ஏற்றுவோம், அவசரப்படுத்தாதீர்கள். தசையில் போடும்போது நோகும் என்பதால் லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்தில் கரைப்போம். அந்தக் கரைசல் நாளத்துக்குள் போகவே கூடாது. ஆகவே மருந்துக்கடையில் குப்பி வாங்கி, ஊசி போடத் தெரிந்த அயலவரைக் கூப்பிடும் வேலை வேண்டாம். கல்சியம் கலந்த சேலைனோடு இதைக் கலக்கக்கூடாது. பிறந்து ஒரு மாதமாகாத குழந்தைக்கு, அதுவும் மஞ்சள் காமாலை இருந்தால், வேறு மருந்துதான் தேடுவோம். வீட்டுக்குப் போன பிறகு தண்ணீராக வயிற்றுப்போக்கு வந்தால் கடை மருந்தால் அடக்காமல் திரும்பி வாருங்கள்.

புளியங்குளம் தம்பி:

அக்கா, எல்லா இடத்திலும் நீங்கள் இருப்பதில்லையே. கேட்டால் எரிந்து விழுபவர்களும் இருக்கிறார்கள்.

விசுவமடு மகள்:

தாதி அக்கா, நன்றி. ஆனாலும் நீங்கள் சொன்ன கணக்கைப் போட வேண்டியவர் வைத்தியர். போட்டுப் பார்த்து, அதே ஊசியையே தந்திருக்கலாம். என் "இல்லை" அவரை அதைப் போடவே விடவில்லை. இப்போது அம்மாவின் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் இரண்டு மருந்துகளின் பெயரையும் சிவப்பு மையால் எழுதி, பொலித்தீன் உறை போட்டிருக்கிறேன். போன கிழமை கிளினிக்கில் கேட்டபோது நான் பேசவில்லை. அம்மாவே கொப்பியைத் திறந்து காட்டினார்.